ஜூஸ் கடைச் சக்கையை மீன் தீனியில் சேர்ப்பது எப்படி? வடசென்னையில் புதிதாக மீன் வளர்ப்பவர்களுக்கு

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடை மூடும் நேரத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஜூஸ் கடை வாசல்களில் கறுப்புக் கவர்கள் கட்டி வைத்திருக்கும். உள்ளே சாத்துக்குடிச் சக்கை, அன்னாசித் தோல், பப்பாளித் தோல், கோடையானால் மாம்பழத் தோலும் கொட்டையும். விடிந்தால் குப்பை வண்டி ஏறிக் கொடுங்கையூர் கிடங்குக்குப் போய்விடும். அதே விடியலில் புழலிலோ செங்குன்றத்திலோ மீன் வளர்க்கிற ஒருவர் பிண்ணாக்கு விலையைக் கேட்டுவிட்டு மலைத்து நிற்பார். மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போய்விடுகிறது.

இந்த இரண்டையும் முடிச்சுப் போடலாமே என்ற யோசனை தொட்டி வைத்த எல்லோருக்கும் ஒருநாள் வரும். யோசனை சரிதான். ஆனால் பழக்கழிவு மீனுக்கு முழுத் தீனி அல்ல, தீனியில் சேர்க்கும் துணைப்பொருள். தவிட்டின் இடத்தில் கொஞ்சம் உட்காரலாம். பிண்ணாக்கின் இடத்தில் உட்காரவே முடியாது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

எனக்கு இது புரியாமல் போனதில் மீன் செத்தது. புழலில் வீட்டுக்குப் பின்னால் 10,000 லிட்டர் தார்பாலின் தொட்டி. அதில் ரோகுவும் சாதாக்கெண்டையுமாக 300 மீன். ஒரு சாயங்காலம் ஒரு பக்கெட் சாத்துக்குடிச் சக்கையையும் நறுக்கிய பப்பாளித் தோலையும் அப்படியே கொட்டினேன். கெண்டைகள் ஓடிவந்து கொத்தின. சந்தோஷமாகப் படுக்கப் போனேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. முப்பதுக்கு மேல் மிதக்கின்றன. தண்ணீருக்குள் காற்று விடும் ஏரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நடந்தது இதுதான். பச்சைப் பழத்தில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி சர்க்கரை. மீன் கொத்துவதற்குள் சர்க்கரை தண்ணீரில் கரைந்துவிடும். அதைத் தின்று பாக்டீரியா பெருகும். பெருகப் பெருகத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சும். இரவில் பாசியும் ஆக்சிஜன் விடாது, தானும் மூச்சு விடும். அதனால் எந்தத் தொட்டியிலும் குளத்திலும் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டைக்குச் சிரமம். ஒரு பக்கெட் சக்கை அந்த விளிம்பிலிருந்து மீனைக் கீழே தள்ளிவிட்டது. ஆகவே முதல் விதி: காயவைக்காத பச்சைக் கழிவு தொட்டிக்குள் போகவே கூடாது.

எந்த மீனுக்கு?

ரோகு, கட்லா, மிர்கால், சாதாக்கெண்டை, புல்கெண்டை, ஜிலேபி ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம். தாவரப் பொருளைச் செரிக்கப் பழகிய இனங்கள் இவை. விராலுக்கு வேண்டாம், அது மாமிசம் தின்னும் மீன், பழத்தோல் தூள் அதற்கு வெறும் நிரப்பு. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பே தடை செய்யப்பட்டது. "எதைப் போட்டாலும் தின்னும் அண்ணே" என்று யாராவது குஞ்சு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். ஜிலேபி வளர்க்க நினைத்தால் முதலில் மீன்வளத் துறையில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ப்பு மீன் எதையும் புழல் ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடக் கூடாது.

ரூப்சந்த் என்று நம் சந்தையில் விற்கும் பாக்கு மீனின் சொந்த ஊர் அமேசான். வெள்ளம் ஏறும் காலத்தில் அது காட்டுக்குள் நீந்திப் போய் மரத்திலிருந்து விழும் பழத்தையும் விதையையும் தின்னும். பழம் என்பது மீனுக்கு அந்நியமான உணவு அல்ல என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரோகு, சாதாக்கெண்டையோடு தொடங்கினால் போதும்.

விரலளவுக்கு வளராத குஞ்சுகளுக்கு எந்த மீனானாலும் பழத்தோல் கூடாது. அந்த வயதில் அவற்றுக்கு முக்கியமாக வேண்டியது புரதம்தான்.

எந்தப் பழம், எது கூடாது?

மாம்பழத் தோல் முதல் தரம். நன்றாகக் காயும், மணமாக இருக்கும், நிறமும் கொடுக்கும். அன்னாசித் தோலும் சக்கையும் நல்லதுதான், ஆனால் நார் அதிகம், மேல்முள்ளைச் சீவிவிட வேண்டும். வாழைப்பழத் தோல் கறுத்துப் போகும், கவலை வேண்டாம். பப்பாளித் தோல் சேர்க்கலாம், விதையை எடுத்துவிடுங்கள். பப்பாளி விதை ஜிலேபியின் இனப்பெருக்கத்தைக் கெடுப்பதாக ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். சினை மீன் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சாத்துக்குடியில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஜூஸ் கடைகளில் கத்தியால் மேல்தோலைச் சீவிவிட்டுத்தான் பிழிகிறார்கள். அந்த மெல்லிய மேல்தோலில் எண்ணெயும் கசப்பும் இருக்கும். மீன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிழிந்த சக்கையை மட்டும் கேட்டு வாங்குங்கள். மாதுளைத் தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், புரதம் செரிப்பதைத் தடுக்கும்; விட்டுவிடலாம். மாங்கொட்டைப் பருப்பிலும் டானின் உண்டு. வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் காயவைத்தால் பயன்படும்தான், ஆனால் முதல் வருடம் அந்த வேலையில் இறங்காதீர்கள். தர்பூசணி மட்டை ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். காயவைக்கும் உழைப்புக்குக் கட்டாது. தெருவில் மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சீத்தாப்பழ விதை ஒன்றுகூடத் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. அது மீனுக்கு நேரடி விஷம். சீத்தாப்பழ மில்க் ஷேக் போடும் கடையில் சேகரிப்பவர்கள் இதைக் கடைப் பையனிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

சேகரிப்பு

குப்பைத் தொட்டியிலிருந்தோ கிடங்கிலிருந்தோ எடுக்காதீர்கள். கடைக்காரரிடம் பேசி, மூடியுள்ள பழைய பெயின்ட் பக்கெட்டை நன்றாகக் கழுவி, கடைக்குள்ளேயே வையுங்கள். ஸ்ட்ரா, டிஷ்யூ, பால், ஐஸ்கிரீம், சாட் மசாலா எதுவும் அதில் விழக் கூடாது. நான் எடுக்கும் கடையின் அண்ணாச்சி முதல்நாளே சொல்லிவிட்டார்: "தோல எடுத்துக்க தம்பி, காசு வேணாம். ஆனா டைமுக்கு வந்துடணும். நின்னா ஈ மொய்க்கும்." அவர் சொன்னது கடையின் சுத்தத்துக்காக, நமக்கும் அதுவே விதி. நம் ஊர் வெயிலில் நறுக்கிய பழம் ஐந்தாறு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை என்று எடுத்தால் நல்லது. மீன் பிடிக்கும்போது அவர் வீட்டுக்கு இரண்டு கிலோ கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எங்களுக்குள் கணக்கு அவ்வளவுதான்.

நிறைய கடைகளைப் பிடிக்க அவசரப்படாதீர்கள். என் தொட்டிக் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். 150 கிராம் எடையில் 300 மீன் என்றால் மொத்தம் 45 கிலோ. வளர்ந்த மீனுக்கு உடல் எடையில் 3 விழுக்காடு தீனி என்றால் ஒரு நாளைக்கு 1,350 கிராம். அதில் பழத்தோல் தூள் 10 விழுக்காடு என்றால் 135 கிராம். அந்த 135 கிராம் தூளுக்குப் பச்சைத் தோல் சுமார் ஒரு கிலோ போதும். ஒரே ஒரு கடையின் கழிவே நமக்கு மிச்சம்.

காயவைப்பது

முழு வேலையின் தலையெழுத்தும் இங்கேதான் இருக்கிறது.

கொண்டுவந்ததும் இரண்டு தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பூச்சிமருந்தின் மிச்சம் தோலில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். கழுவும்போது சர்க்கரை போகிறதே என்று வருந்த வேண்டாம். அது போவது நமக்கு நல்லது. பிறகு விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். அன்னாசி, சாத்துக்குடிச் சக்கையை வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்துவிட்டால் ஒரு நாள் வெயில் மிச்சமாகும்.

தரையிலோ ரோட்டிலோ மொட்டைமாடித் தளத்திலோ பரப்பாதீர்கள். இரும்புச் சட்டத்தில் வலை கட்டி இடுப்பு உயரத்தில் தட்டு செய்துகொள்ளுங்கள். கீழிருந்தும் காற்று வர வேண்டும். ஒரு அடுக்குக்கு மேல் போடக் கூடாது. எண்ணூர், மணலி, மீஞ்சூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் திறந்தவெளியில் காயவைப்பதே ஆகாது. காலையில் துவைத்துப் போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் எப்படி இருக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்குள்ள அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலில் கன உலோகங்கள் உண்டு. அது தோலில் படிந்து, தீனியாகி, மீனுக்குள் தங்கி, நம் தட்டுக்கே வரும். மூங்கிலில் கூடாரம் கட்டித் தெளிவான பாலித்தீன் போர்த்தி, இரண்டு முனையிலும் துணி வடிகட்டி வைத்த காற்றுவழி விட்டால் தூசியும் வராது, உள்ளே சூடும் கூடும்.

காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறினால் ஈரமும் கூடவே வரும். காலை ஒன்பதுக்குப் போட்டு நான்கு மணிக்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். ராத்திரி வெளியே விட்டால் பகலில் காய்ந்தது திரும்ப ஈரமாகும். சித்திரை, வைகாசியில் மூன்று நாளில் காய்ந்துவிடும். மாம்பழமும் அப்போதுதான் வருகிறது. வருடத்துக்கு வேண்டியதை அந்த இரண்டு மாதத்தில் சேர்த்துக்கொள்வதுதான் புத்தி.

காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? வளைத்தால் அப்பளம் போல ஒடிய வேண்டும். கையை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். ஒரு தட்டை மட்டும் தினமும் எடை போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் முடிந்தது. பத்து கிலோ பச்சைத் தோல் ஒன்றரைக் கிலோ அளவுக்கு வந்து நிற்கும்.

இடையில் எங்காவது பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் பிடித்தால் அந்தத் தட்டு முழுவதையும் உரக்குழிக்குக் கொடுங்கள். பூஞ்சணத்தின் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மீனின் ஈரலைத் தாக்கும். தட்டி எடுத்துவிட்டால் போகாது, வேகவைத்தாலும் அழியாது. "லேசாத்தானே பிடிச்சிருக்கு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிண்ணாக்குக்கும் இதே விதிதான். கட்டி கட்டியாக, காரல் வாசனையோடு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தூளும் கலவையும்

காய்ந்ததை மிக்ஸியில் அரைத்து மாவுச் சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் நிற்கும் நாரை மறுபடி அரைத்துப் போராட வேண்டாம். கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. வாயிலிருந்து நேராகக் குடலுக்குப் போகிறது. நாரை உடைக்க அதனால் முடியாது.

இனி 10 கிலோ தீனிக்கு நான் போடும் அளவு. கடலைப் பிண்ணாக்கு 4 கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் ஒன்றரைக் கிலோ, தவிடு 2 கிலோ 300 கிராம், பழத்தோல் தூள் 1 கிலோ, கோதுமை மாவு 1 கிலோ, தாது உப்பும் வைட்டமினும் கலந்த பொடி 200 கிராம். கருவாட்டைக் காசிமேட்டில் வாங்கும்போது உப்புப் போடாமல் காயவைத்ததா என்று நாக்கில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

இந்த அளவு ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு கூட்டல் போதும். தோராயமாகப் பிண்ணாக்கில் 42 விழுக்காடு புரதம், கருவாட்டுத் தூளில் 50, தவிட்டில் 12, கோதுமை மாவில் 10, பழத்தோல் தூளில் வெறும் 5. பழத்தோலே போடாமல் முழுக்கத் தவிடு போட்டால் தீனியில் 29.3 விழுக்காடு புரதம் நிற்கிறது. தவிட்டில் ஒரு கிலோ குறைத்துப் பழத்தோல் போட்டால் 28.6. பெரிய இழப்பு இல்லை. அதையே காசு மிச்சம் பிடிக்கலாம் என்று பிண்ணாக்கில் ஒரு கிலோ குறைத்துப் போட்டால் 25.6-க்கு விழுந்துவிடும். வளரும் கெண்டைக்கு 28-லிருந்து 30 வரை தேவை. பிண்ணாக்கில் மிச்சம் பிடித்த காசு, இரண்டு மாதம் தள்ளிப்போகும் அறுவடையில் போய்விடும். எத்தனையோ பேர் பழத்தோலைக் குறை சொல்லிக் கைவிட்டதற்கு இந்த ஒரு தவறே காரணம் என்று நினைக்கிறேன்.

பிண்ணாக்கை முந்தின இரவே ஊறவையுங்கள். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, ஊறிய பிண்ணாக்கையும் தாது உப்புப் பொடி தவிர மற்ற தூள்களையும் கொட்டி, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகப் பிசையுங்கள். இட்லிப் பானையில் 20 நிமிடம் அவித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் தாது உப்புப் பொடியைச் சேர்த்து மறுபடி பிசையுங்கள். சூட்டோடு போட்டால் வைட்டமின் வீணாகும். பிறகு முறுக்கு உழக்கில் பிழிந்து, நிழலும் காற்றுமாகக் காயவைத்து, கையால் நொறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டால் கால் மணி நேரமாவது கரையாமல் கிடக்க வேண்டும். முன்பே கரைந்தால் கூழ் போதவில்லை.

ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் முறையும் உண்டு. ஒரு கிலோ தூளுக்கு அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், பேக்கரி ஈஸ்ட் ஒரு டீஸ்பூன். மூடியை இறுக்காமல் ஒரு நாள் வைத்து, பிறகு கலவையில் சேர்த்து அவிக்கலாம். செரிமானம் கொஞ்சம் எளிதாகும். கைப்பழக்கம் வந்த பிறகு செய்து பாருங்கள்.

கொடுக்கத் தொடங்குவது

முதல் வாரம் தீனியில் 2 விழுக்காடு மட்டுமே பழத்தோல் தூள். இரண்டாம் வாரம் 5. மூன்றாம் வாரம் 10. நான் 10-ஐத் தாண்டுவதில்லை. நீங்கள் எவ்வளவு துணிந்தாலும் 15-க்கு மேல் போகாதீர்கள். இரைப்பை இல்லாத மீனுக்கு ஒரே வேளையில் கொட்டுவதைவிடப் பகலில் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதே சரி. தீனியைத் தட்டில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்குங்கள். அரை மணி கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த வேளை அந்த அளவைக் குறையுங்கள். மேகமூட்டமான நாளில் பாதி போதும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறந்தால் அன்று தீனியே வேண்டாம், காற்றைக் கூட்டுங்கள், தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகுதான் விட வேண்டும்.

முடிந்தால் இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்றுக்குப் பழைய தீனி, இன்னொன்றுக்குப் புதியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் இருபது மீனைப் பிடித்து எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். 20 கிலோ தீனி போட்டு மொத்த எடை 11 கிலோ ஏறியிருந்தால், ஒரு கிலோ மீனுக்கு 1.8 கிலோ தீனி ஆகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த எண் இரண்டு தொட்டியிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் கலவை சரி. புதிய தீனித் தொட்டியில் எண் கூடிக்கொண்டே போனால் தோல் அளவைக் குறையுங்கள். சந்தேகம் வந்தால் மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது, பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நோட்டைக் கையில் எடுத்துப் போனால் பேச்சு எளிதாகும்.

வண்ண மீன் வளர்க்கும் கொளத்தூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தங்கமீனின் சிவப்பும் கோய் கெண்டையின் ஆரஞ்சும் கரோட்டினாய்டு என்ற நிறப்பொருளால் வருபவை. அதை மீனால் தானாக உண்டாக்க முடியாது, தீனியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். மாம்பழத் தோலிலும் பப்பாளியிலும் அது நிறைய இருக்கிறது. வண்ண மீனுக்கென்றால் தோலை நேர் வெயிலில் போடாமல் நிழல்வலைக்குக் கீழே காயவையுங்கள். வெயில் பட்டால் நிறப்பொருள் அழிந்துவிடும். தீனியில் 5 விழுக்காடு போதும், கூடவே கொஞ்சம் சென்னாகுன்னித் தூளும் சேர்த்தால் இன்னும் நல்லது. நிறம் ஏற மூன்று நான்கு வாரம் பிடிக்கும். பத்து நாளில் முடிவு கட்டிவிடாதீர்கள்.

மழைக்காலத்துக்கு

ஐப்பசி பிறந்தால் புதிதாகக் காயவைக்கும் வேலையை நிறுத்திவிடுங்கள். இரண்டு நாள் வெயில் அடித்தாலும் மூன்றாம் நாள் மழை வந்து எல்லாம் பூஞ்சணமாகும். கோடையில் செய்த தூளை இறுக்கமான மூடி போட்ட டிரம்மில், தரையில் படாமல் கட்டை மேல் வையுங்கள். அரைக்காமல் சருகாகவே வைத்து, பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொண்டால் இன்னும் நாள் தாங்கும். வாரம் ஒருமுறை திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சருகு மொறுமொறுவென்று உடைந்து மாம்பழ வாசனை வந்தால் மூடி வைக்கலாம். கை சூடாகவோ ஈரமாகவோ உணர்ந்தால், மக்கிய வாசனை வந்தால், அந்த டிரம் முழுவதும் செடிக்குத்தான். அந்த மாதம் மீனுக்குத் தவிடே போடுங்கள்.